அக்காவின் பாதுகாவலர் என்று எழுதப்பட்டவர்

1

“தங்களின் திறமையை இளம் வயதிலேயே இனங்கண்டு, பாதுகாவலராக இருந்து, உயர்கல்விக்கு வழியனுப்பிவைத்த அன்றைய துரை அவர்களின் நினைவைப் போற்றும் முகமாக, எமது தோட்டத்தின் ஆண்டுநிறைவு மலரில் தங்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளியிட எண்ணியுள்ளோம். தங்களின் சம்மதத்தையும் அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்றையும் இம்மாதம் 31ஆம் திகதிக்கு முன்னர் அனுப்பிவைக்கவும்.”

கடிதத்தின் திகதி மார்ச் 6. மெல்பேர்னில் என் அக்கா பரிமளாவின் வீட்டுத் தபால்பெட்டியில் அது விழுந்தது மார்ச் 17இல். இரண்டு திகதிகளையும் உறையின் மூலையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் எழுதிய நாளையும் கைக்கு வந்த நாளையும் குறிப்பது என் வழக்கம். அந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

அனுப்பியது இலங்கையில் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் அலுவலகம். ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். பழைய சம்பவத்துக்கு வருடமும் போடவில்லை. போட்டால் அன்று துரையாக, அதாவது தோட்டத்தின் நிர்வாகியாக, இருந்தவர் யாரென்று தெரிந்துவிடும். அவர் இறந்துவிட்டார். பதில் சொல்ல முடியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது நாளையும் மாதத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். இந்த நியாயத்தை அவர்கள் எங்களுக்குக் காட்டியிருந்தால் இந்தக் குறிப்பே தேவைப்பட்டிருக்காது.

பாதுகாவலராம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீனி போடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

2

அக்காவைத் தெரியாதவர்களுக்காக.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க மெய்யியலும் அரசறிவியலும் முப்பது வருடங்களுக்கு மேல் கற்பித்து, சென்ற நவம்பரில் ஓய்வு பெற்றார். லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பெண் கிரேக்கத்துக்கு எப்படிப் போனாள் என்று இங்கே விருந்துகளில் கேட்பார்கள். ஏதோ அற்புதக் கதையை எதிர்பார்த்துக் கேட்பார்கள். உண்மையான காரணம் மிகச் சாதாரணமானது. டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கலைப்பிரிவுக்கு நான்கு பாடங்கள் வேண்டும். மூன்றுக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். நாலாவதாக எடுக்கக்கூடியவற்றில் ஆசிரியர் இருந்தது கிரேக்க உரோம நாகரிகம் என்ற பாடத்துக்கு மட்டும். அவரிடமிருந்ததும் ரோணியோ இயந்திரத்தில் பிரதி எடுத்த குறிப்புகள்தான், மை பரவி பாதி எழுத்து அழிந்தவை. அழிந்த எழுத்துகளை ஊகித்துப் படித்ததில்தான் தனக்கு ஆராய்ச்சி பழகியது என்று அக்கா சொல்வார்.

எங்கள் அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். கிரேக்கம் என்றால் எந்தப் பக்கம், பலாங்கொடைக்கு அங்கிட்டா என்று ஒருநாள் கேட்டார். கேலியாகக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

அக்கா பிற்பாடு தனக்கென்று எடுத்துக்கொண்ட பொருள், பழைய ஏதென்ஸ் நகரில் குடியிருந்த வெளியாட்கள். அவர்களுக்கு அங்கே தனிப் பெயரே இருந்தது, மெதோய்க்கோஸ் என்று. தொழில் செய்வார்கள், வரி கட்டுவார்கள், சண்டை வந்தால் நகரத்துக்காகப் போருக்கும் போவார்கள். வாக்கு இல்லை. சொந்தமாக நிலமோ வீடோ வைத்திருக்க முடியாது. எத்தனை தலைமுறை இருந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் தனக்குப் பொறுப்பாளராக ஒரு குடிமகனின் பெயரைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு. குடிமகன் என்றால் யார் என்று உலகத்துக்கே வரையறை சொன்ன அறிஞரும் அந்த நகரில் இப்படிப்பட்ட வெளியாள்தான். நகரசபையின் விவாதத்திலும் தீர்ப்பிலும் பங்குள்ளவனே குடிமகன் என்று எழுதியவருக்கு அந்தச் சபையில் கை தூக்க உரிமை இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்த பெண் இந்தப் பொருளை ஏன் எடுத்தாள் என்று பேராசிரியர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விருந்துக்குப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போவேன். அவருடைய காகிதங்களைத் திகதி வாரியாக அடுக்கித் தருவேன். நான் பேருந்துகளின் நேர அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறவன், அடுக்குவது கை வந்த வேலை. பிறகு இருவரும் மீன் வாங்கப் போவோம். மீன்கடைக்காரி எலேனி கிரேக்கப் பெண். முதல் நாள் அக்கா அவளிடம் தான் படித்த கிரேக்கத்தில் மீன் கேட்டிருக்கிறார், இரண்டாயிரத்து நானூறு வருடப் பழைய மொழியில். எலேனி கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம், கோயில் பாதிரியார் மாதிரிப் பேசுகிற ஒரு கறுப்புப் பெண்ணைப் பார் என்று. அன்றிலிருந்து அக்காவுக்கு அங்கே கடன் உண்டு, வரிசை கிடையாது.

3

இனி அந்தப் பழைய கடிதம்.

எங்கள் தோட்டத்தில் யாருக்கும் முகவரி கிடையாது. லயங்களுக்கு இலக்கம் இருந்தது, ஆனால் அது தோட்டத்தின் பதிவுக்கு. தபாலுக்கு அல்ல. யார் யாருக்கு எழுதினாலும் உறையின் மேல் முதல் வரி “சூப்பரிண்டென்டன்ட்” என்றுதான் இருக்கும். அதாவது துரை. பிறகு தோட்டத்தின் பெயர், பிறகு ஓப்பநாயக்க. நம்முடைய பெயர் அதற்கும் மேலே சின்னதாக ஒரு மூலையில். தோட்டத்துத் தப்பால்காரர் (தபாலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) காலையில் தோல்பையுடன் தபாலகத்துக்கு இறங்கி, எல்லாக் கடிதங்களையும் வாங்கிக்கொண்டு ஆபிஸில் சேர்ப்பார். அவருடைய வேலை அங்கே முடிந்தது. ஆபிஸில் பெரிய கிளாக்கர் பையைக் கொட்டுவார். துரைக்கு வந்தது துரையின் மேசைக்குப் போகும். மற்றவை அவருடைய மேசை இழுப்பறைக்குள், லாச்சிக்குள். ஆபிஸ் பக்கம் வேறு ஏதாவது வேலையாகப் போகிறவன் கையில், அவர் ஞாபகம் வந்தால், கொடுத்தனுப்புவார். எங்களில் யாரும் தபாலைக் கேட்பதற்கென்று ஆபிஸ் வாசலில் போய் நிற்பதில்லை. நின்றால் வேலை இல்லையா என்பார்கள்.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வந்த அக்கா, கிரேக்க மொழி படிக்க அவுஸ்திரேலியாவுக்குப் புலமைப்பரிசில் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஓகஸ்ட் முதலாம் திகதி, அம்மாவுக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க ஆபிஸிலிருந்து துண்டு வேண்டும். அக்கா போனார். கிளாக்கர் துண்டுப் புத்தகத்தைத் தேடி லாச்சியை இழுத்தார். புத்தகத்துக்கு அடியில் வெளிநாட்டு முத்திரையுடன் ஒரு நீல உறை.

“ஒனக்கு ஒன்னு வந்து கெடக்கு பாரு,” என்றாராம்.

ஓப்பநாயக்கத் தபாலகத்தின் முத்திரை ஜூலை 9. உறை என்னிடம் இருக்கிறது. இருபத்துமூன்று நாட்கள். உள்ளே, இடம் கிடைத்திருக்கிறது என்றும், ஓகஸ்ட் 5ஆம் திகதிக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தது. அக்கா அம்மாவுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை நடந்தே இறங்கித் தந்தி அடித்தார். தந்தி போய்ச் சேர்ந்தது. இன்னும் நான்கு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வராமலிருந்திருந்தால், அக்கா எங்கே இருந்திருப்பார் என்று நான் கணக்குப் பார்ப்பதுண்டு. அம்மாவின் காய்ச்சலுக்கு மலர் வெளியிட்டால் அதில் அர்த்தம் இருக்கும்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி துரை அக்காவையும் அப்பாவையும் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன், வாசலில் நின்றேன். லாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்டது வேறு.

“என் பேரப் போட்டு வெளிநாட்டுக்கு லெட்டர் எழுத யாரக் கேட்ட?”

அக்கா அப்போது சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“வேற அட்ரஸ் குடுங்க தொர, அதப் போடுறேன்.”

அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இதுதான் அந்தப் பாதுகாவலரின் பாதுகாப்பு. அந்த வருடங்களின் கலவரங்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்கு வேறு குறிப்பேடு வைத்திருக்கிறேன்.

4

அப்படியென்றால் பாதுகாவலர் என்ற சொல் எங்கிருந்து முளைத்தது? இதைத் தேடியதில் வெட்கப்படவும் ஒரு விஷயம் கிடைத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டதால் சில வருடங்களுக்குப் பிறகு நானும் மெல்பேர்ன் வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் இலக்கம் பதித்த ஒரு தகரத் தபால்பெட்டி இருந்தது. பதினான்கு. முதல் வாரம் முழுக்கக் காலையும் மாலையும் அதைத் திறந்து பார்த்தேன். எனக்கு எழுத யாரும் இருக்கவில்லை. சும்மா, என் பெயருக்கு நேராக வந்து விழ ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். சொந்த நாட்டில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் முகவரியும். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு, பழகிய கை பழகியபடி எழுதியது: சூப்பரிண்டென்டன்ட், தோட்டத்தின் பெயர், ஓப்பநாயக்க, இலங்கை. அப்பாவின் பெயரை மூலையில் சின்னதாக எழுதினேன். அது தட்டச்சில் ஏறவில்லை. பதினொரு வருடங்கள் கழித்து இடமாற்றத்துக்காகக் கோப்பைத் திறந்த ஓர் அம்மா, உங்களுக்கு ஏதாவது நடந்தால் அறிவிக்க வேண்டியவர் இந்தச் சூப்பரிண்டென்டன்ட்தானே, அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் செத்தால் முதலில் துரைக்குச் சொல்லவேண்டும் என்று பதினொரு வருடங்களாக ஓர் அரசாங்கக் கோப்பு நினைத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தவறை இந்த உலகில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

அக்காவுக்குத் தோட்டத்துக் கடிதம் வந்த வாரம் எனக்குப் பொறி தட்டியது. பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவுக்கு அக்காவின் கையெழுத்துடன் எழுதிக் கேட்டேன். மார்ச் 20ஆம் திகதி அவருடைய பழைய விண்ணப்பத்தின் பிரதி வந்தது. நினைத்தது சரி. முகவரியின் முதல் வரியில் சூப்பரிண்டென்டன்ட். அதைப் பார்த்து அன்றைய எழுதுவினைஞர் யாரோ பக்கத்து அட்டையில் “பாதுகாவலர்” என்ற கட்டத்துக்குள் அதே சொல்லை நிரப்பியிருக்கிறார். நாற்பது வருடங்கள் அது அங்கேயே இருந்தது. சென்ற நவம்பரில் பிரியாவிடை மலருக்காக யாரோ கோப்பைப் புரட்டி, தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் அரவணைப்பில் வளர்ந்தவர் என்று அழகாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டார்கள். அது இணையத்தில் ஏறியது. தோட்டத்து ஆபிஸ் அதைக் கண்டெடுத்தது.

“அந்த மலர நீங்க பாக்கலையாக்கா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“விருந்து நடக்குது. கேக்கு வெட்டுறதா, சண்ட போடுறதா?” என்றார். பிறகு, “முப்பது வருஷமா பொறுப்பாளர் பேரக் காட்ட வேண்டிய வெளியாளப் பத்திப் பாடம் எடுத்தேன். கடைசி நாளு எனக்கே ஒருத்தரப் புடிச்சுக் குடுத்துட்டாங்க,” என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

5

இதோடு விஷயம் எங்கள் மானப் பிரச்சினையாக முடிந்திருக்கும். கௌசல்யா இல்லாவிட்டால்.

கௌசல்யா எங்கள் பெரியப்பா மகன் முருகேசு அண்ணனின் கடைசிப் பெண். இன்னும் அதே தோட்டத்தில், நாங்கள் பிறந்த லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி. உயர்தரம் நன்றாகச் செய்து, ஆசிரியையாவதற்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளையே பாடம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். வயதெல்லை காரணமாக அவளுக்கு இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு.

மார்ச் 5ஆம் திகதி அவளிடமிருந்து அழைப்பு. குரலில் அழுகை இல்லை.

“சித்தப்பா, இன்டர்வியூ லெட்டர் இன்னக்கித்தான் குடுத்தாங்க. இன்டர்வியூ முந்தாநாளு.”

“யாரு குடுத்தது?”

“கிளாக்கரய்யாதான். அப்பா ஆபிஸுக்குப் போயிருந்தாரு. ‘ஒங்க மகளுக்கு ஒன்னு கெடக்கு’ன்னாராம். மரத்தடில மாங்கா கெடக்குற மாதிரி.”

நேர்முகப் பரீட்சை மார்ச் 3. கடிதம் கைக்கு வந்தது மார்ச் 5. அதற்கு அடுத்த நாள், மார்ச் 6, அதே ஆபிஸில், அதே லாச்சிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து யாரோ என் அக்காவுக்குப் பாதுகாவலரைப் பற்றிய அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். நான் எதையும் கற்பனை செய்யவில்லை. திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

கல்லூரியில் கேட்டபோது, கடிதம் உரிய காலத்தில் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது, தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். மேன்முறையீடு செய்யலாம், நேர்முகப் பரீட்சை நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், கடிதம் தாமதமாகக் கையளிக்கப்பட்டது என்பதற்குக் கையளித்தவர்களின் எழுத்துமூல உறுதிப்பாட்டுடன். கையளித்தவர்கள் யார்? ஆபிஸ். தாங்கள் தாமதித்ததாக ஆபிஸே எழுதித் தரவேண்டும். இப்படி ஒரு நிபந்தனையை யோசித்து எழுதியவருக்கு வீட்டு வாசலில் தபால்பெட்டி இருந்திருக்கும்.

முருகேசு அண்ணன் இரண்டு தடவை போய்க் கேட்டார். வந்தவுடன் கொடுத்துவிட்டோம் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறோம் என்றார்களாம்.

என் மகன் நவீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே பிறந்தவன், நல்ல பிள்ளை. அவனுடைய தமிழில் மரியாதை இடம் மாறி விழும். பூனையை “வந்தாங்க” என்பான், துரையை “வந்தான்” என்பான். அன்று நான் திருத்தவில்லை.

“அவங்க அட்ரஸ மாத்திட்டாப் போதும்தானே அப்பா?”

எந்த முகவரிக்கு மாற்றுவது என்று கேட்டேன். அவர்களுடைய வீட்டு முகவரிக்கு என்றான். அப்படி ஒன்று இல்லை என்றேன். எந்த வீட்டுக்கும் ஒன்று இருக்கும் என்று சொல்லி, கைபேசியில் வரைபடத்தைத் திறந்து ஓப்பநாயக்கவிலிருந்து விரலால் மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனான். பாதை ஓரிடத்தில் நின்றது.

“இங்க ஒன்னுமே இல்லப்பா. வெறும் பச்சை.”

அந்தப் பச்சைக்குள் நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. விளங்கியதா என்று தெரியாது. ஆனால் பிறகு இரண்டு முறை அவனாகவே, கௌசல்யா அக்காவோட கடிதம் என்னாச்சு என்று கேட்டான்.

6

நான் தோட்டத்து ஆபிஸுக்கு ஒரு மறுப்பு எழுதினேன். பதினான்கு பக்கம். இரண்டு உறைகளின் பிரதி, விண்ணப்பத்தின் பிரதி, பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்கும் ஒரு காலவரிசை. பிரதிகளைக் கொழும்புப் பத்திரிகைகளுக்கும் அனுப்பத் தீர்மானித்தேன். மார்ச் 21ஆம் திகதி முருகேசு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து.

அவர் சந்தோஷப்படவில்லை.

“எழுதிப்புடாதீங்க தம்பி,” என்றார். “நீங்க அங்கனருந்து எழுதிட்டு கோபம் தீந்துரும். நான் விடிஞ்சா பெரட்டுக்குப் போய் அந்த மனுசன் மொகத்துல முழிக்கனும்.”

பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம். அங்கே ஒரு முகம் சுளித்தால் மலையில் எந்த மூலைக்கு வேலை விழும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். பதினான்காம் இலக்கத் தபால்பெட்டி செய்த வேலை அது.

அக்காவிடம் போனேன். அவர் பதினான்கு பக்கத்தையும் படித்தார், சிவப்புப் பேனாவுடன். மாணவர்களின் கட்டுரையைத் திருத்துவதுபோல ஓரத்தில் இரண்டு இடத்தில் “ஆதாரம் நன்று” என்று எழுதினார். பிறகு ஒதுக்கி வைத்துவிட்டு அரைப் பக்கம் எழுதினார்.

அதன் சாரம் இது. கட்டுரையை வெளியிடச் சம்மதம். படமும் இணைத்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பாதுகாவலர் இருந்ததில்லை. என் தந்தை உயிரோடு இருந்தார், உங்கள் தொழிற்சாலையின் மாடியில் வேலை செய்தார், அவருடைய பெயரைப் போடவும். என் கடிதம் தபாலகத்துக்கு வந்தது ஜூலை 9, என் கைக்கு வந்தது ஓகஸ்ட் 1 என்பதையும் சேர்க்கவும். இந்த இரண்டு திருத்தங்களும் இல்லாமல் வெளியிட அனுமதி இல்லை.

கௌசல்யாவின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. உங்களுடைய சம்மதம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது, பிள்ளைக்கு அவர்களுடைய கையெழுத்து தேவைப்படுகிறது, இதைக்கூடவா கேட்கக்கூடாது என்று சத்தம் போட்டேன்.

“கேட்டா குடுப்பாங்க தம்பி,” என்றார் அக்கா. “அப்பறம் அவளுக்கும் ஒரு பாதுகாவலர் வந்துருவாரு. இந்தத் தடவ நான்.”

ஆனாலும் எனக்கு அவர் செய்தது சரியென்று அன்று படவில்லை. கொள்கையை நம்முடைய வாழ்க்கையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு இருந்தது இன்னும் பன்னிரண்டு நாள். அன்று மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

7

மார்ச் 24ஆம் திகதி கௌசல்யாவே கூப்பிட்டாள். நாங்கள் மூவரும், நான், அக்கா, முருகேசு அண்ணன், ஆபிஸைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். அவள் ஆபிஸ் பக்கமே போகவில்லை. பஸ் ஏறி ஓப்பநாயக்கத் தபாலகத்துக்குப் போயிருக்கிறாள்.

“அங்க இருக்குற போஸ்ட் மாஸ்டர் நோனா மொதல்ல, தோட்டத்து லெட்டரெல்லாம் பையில போயிரும், எங்களுக்குத் தெரியாதுன்னாங்க சித்தப்பா. பதிவுத் தபாலுக்கு புக்கு இருக்கும்தானே, ‘மகே நம தியெனவத பலன்ன நோனே’ன்னேன். என் பேரு இருக்கான்னு மட்டும் பாருங்கன்னு. நான் பேசுன சிங்களத்தக் கேட்டுட்டு, எந்த ஊரு புள்ளன்னு கேட்டாங்க. இந்த ஊருதான்னேன்.”

புத்தகத்தில் இருந்தது. அவளுடைய பெயர், பதிவிலக்கம், தோட்டத்துத் தப்பால்காரரின் கையெழுத்து, பக்கத்தில் ஆபிஸின் இறப்பர் முத்திரை. பெப்ரவரி 12. அந்தத் தபாலதிபர் அம்மா அதைப் பார்த்து எழுதி, கையெழுத்திட்டு, தன் முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடப் போவதில்லை.

பெப்ரவரி 12 முதல் மார்ச் 5 வரை இருபத்தொரு நாட்கள். அக்காவுக்கு இருபத்துமூன்று. நாற்பது வருடத்தில் எங்கள் தோட்டம் இரண்டு நாள் முன்னேறியிருக்கிறது. இதைத்தான் மலரில் போடவேண்டும்.

“ஆபிஸ்ல எழுதிக் குடுன்னு நின்னிருந்தா இன்னும் நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பேன்,” என்றாள் கௌசல்யா. “நீங்க பதினாலு பக்கம் எழுதுனீங்களாமே சித்தப்பா. அத்தை சொன்னாங்க. ஒரு புக்கா போட்டுருங்க.”

மார்ச் 25இல் மேன்முறையீடு பதிவுத் தபாலில் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போய்க் காகிதங்களை அடுக்கினேன். பிறகு அவர் பையை எடுத்தார், மீன் வாங்கப் போனோம். மீன்கடையில் எலேனிக்கு முழுக் கதையையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, தன் தந்தை இங்கே வந்த புதிதில் கிராமத்துக் கடிதங்களெல்லாம் தொழிற்சாலை முதலாளியின் கைவழியாகத்தான் வந்தன என்றும், அவர் ஒவ்வொரு முத்திரையையும் தன் பேரனுக்குக் கிழித்துக்கொண்டுதான் கொடுப்பார் என்றும் சொன்னாள். வாளை மீனின் தலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கி வெட்டினாள்.

ஏப்ரல் 14ஆம் திகதி தோட்டத்திலிருந்து அக்காவுக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. பக்கப் பற்றாக்குறை காரணமாகத் தங்களைப் பற்றிய கட்டுரை இடம்பெறவில்லை. வருந்துகிறோம். துரைக்கு இடம் இருந்த பக்கத்தில் அப்பாவுக்கு இடம் இல்லை. அக்கா அதைக் கோப்பில் போடச் சொன்னார். பல்கலைக்கழகம் மட்டும் அந்த வாக்கியத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அச்சான மலரில் அது அப்படியே இருக்கிறது.

மே 2ஆம் திகதி கௌசல்யா கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தாள். மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. இரண்டாவது நேர்முகப் பரீட்சை உண்டு. முருகேசு அண்ணன் என்னிடம் இதைச் சொன்னபோது அழுதார். திகதி என்ன என்று கேட்டேன். அதைக் கடித மூலம் அறிவிப்பார்களாம். எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டேன். விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கு.

விண்ணப்பத்தில் உள்ள முகவரியின் முதல் வரி எது என்று இனி நான் எழுதத் தேவையில்லை.

தொலைபேசியில் முகவரியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் தரவேண்டும். மே 3ஆம் திகதி கௌசல்யா எழுதினாள்: என் கடிதத்தைத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம், ஓப்பநாயக்கத் தபாலகத்திலேயே வைக்கவும், நானே வந்து பெற்றுக்கொள்வேன். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ்ஸில் போய்க் கேட்கிறாள். இன்னும் வரவில்லை என்று தபாலதிபர் அம்மா புத்தகத்தைத் திருப்பிக் காட்டுகிறாராம். முருகேசு அண்ணனும் இப்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஆபிஸ் வாசலில் போய் நிற்கிறார். வேலை இல்லையா என்று கேட்கிறார்கள். இல்லைங்க, முடிஞ்சிருச்சு, மகளுக்கு லெட்டர் வரணும் என்கிறாராம். அந்தத் தோட்டத்தில் தபாலுக்கென்று வாசலில் நின்ற முதல் ஆள் அவராக இருக்கலாம்.

இதை எழுதி முடிக்கும் நாள் மே 9. கௌசல்யாவின் முகவரி மாற்றக் கடிதம் அவளுடைய கோப்பில் சேர்ந்துவிட்டதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. இரண்டாவது நேர்முகத்துக்கான கடிதம் அனுப்பப்பட்டுவிட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் இந்த நேரத்தில் அது தபாலகத்தின் தட்டில் இருக்கிறதா, லாச்சியில் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.